கோடித் துணியும் கட்டிய துணியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசுமாறு அழைத்த நண்பர்கள், தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். ‘இழவு வீட்டுக்கு எதை உடுத்திச் செல்வது?’ என்று நான் தலைப்புச் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல நாளில் இப்பேச்சு வேண்டுமா என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பத்தாண்டுகளில் நம் வட்டம் சிலரை இழந்திருக்கிறது. இங்கே முன்வரிசையில் அமர்ந்து நம் பேச்சைக் கேட்டவர்களை நாமே தோள்கொடுத்துத் தூக்கிச் சென்றிருக்கிறோம். அந்தச் செய்தி வந்த வேளையில், கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்து ஒரு நொடியேனும் தயங்காதவர் நம்மில் இருக்க மாட்டார். அன்றியும், நூலைப் பின்னி, வெளுத்து, சாயமேற்றி, வெட்டித் தைத்து வாழ்கிற ஊர் நம்முடையது. உலகத்தார் உடுத்தத் தைக்கிற நாம், நாம் உடுத்துவதைப் பற்றி ஒரு நாள் எண்ணிப் பார்ப்பது தவறாகாது.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

திருப்பூரில் ‘கோடி’ என்றால் பணம்தான் முதலில் நினைவுக்கு வரும். இத்தனை கோடிக்கு ஏற்றுமதி, இத்தனை கோடி நிலுவை என்று நாள்தோறும் பேசுகிறோம். நம் பாட்டிமார் வாயில் கோடி என்பது எண்ணன்று, புத்தாடை. எவரும் உடுத்தாத, நீரில் நனையாத துணிக்குக் கோடி என்று பெயர். அச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. அது முனை, எல்லை என்பது. தெருக்கோடி என்கிறோம் அல்லவா?

புத்தாடை என்ற பொருளில் இது மங்கலச் சொல்லாகவும் வழங்கியிருக்கிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் மணப்பெண் உடுத்தும் ஆடையைக் குறிக்க இச்சொல்லே ஆளப்படுகிறது. மலையாள நாட்டில் ஓணத்துக்கு எடுக்கும் புத்தாடை இன்றும் ஓணக்கோடிதான். நம் பக்கத்திலோ ‘கோடி போடுவது’ என்றால், உயிர் நீங்கிய உடலின்மேல் உறவினர் புதுத்துணி போர்த்துவது; கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் சேலை கொண்டுவருவது. வாழ்வு தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரே பெயருடைய துணியை நம் முன்னோர் எடுத்திருக்கிறார்கள்.

இறந்தவர்க்குத் துணி போர்த்தும் வழக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 286-ஆம் பாட்டில், பாடையில் கிடத்தித் தூய வெண்துணி போர்த்தும் செய்தியை ஔவையார் ஒரு தாயின் கூற்றில் வைக்கிறார். அதே வெண்துணி 311-ஆம் பாட்டில் வேறொரு கோலத்தில் வருகிறது. அங்கே, உவர்நிலத்தில் தோண்டிய கிணற்றருகே நாள்தோறும் துணி வெளுக்கிற பெண்ணை ஔவையார் காட்டுகிறார். வெண்மைக்குப் பின்னால் ஒருத்தியின் உழைப்பு இருப்பதை அவர் மறக்கவில்லை. நாம்தான் மறந்தோம். சாவு வீட்டுக்கு வெளுத்த மாற்றுத் துணி கொண்டுவருவதும், வழியில் துணி விரிப்பதும் சலவைத் தொழிலாளர் கடமை என்று சாதியின் பெயரால் சுமத்தி வைத்தோம். துணி தூய்மையாக வேண்டும். அதைத் தூய்மை செய்தவர் மட்டும் எட்டி நிற்க வேண்டும். இழவு வீட்டு உடையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது.

இனி, துக்கம் கேட்கச் செல்பவர் உடுத்துவதைப் பார்ப்போம். கோடி இறந்தவருக்கு உரியது. ஆகவே செல்பவர் புத்தாடை உடுத்தாமல், முன்பே கட்டித் துவைத்த துணியை உடுத்திச் செல்வது பெரியோர் வழக்கம். பட்டும் சரிகையும் விலக்கப்பட்டன. தலைப்பூவை எடுத்துவிட்டுப் போனார்கள். இவற்றுக்கு எல்லாம் மங்கலம், அமங்கலம் என்று ஒரே சொல்லில் காரணம் கூறிவிடுகிறோம். ஆனால் உள்ளே நடைமுறை அறிவும் இருக்கிறது. துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்ததை நனைத்துப் போட வேண்டும். பருத்தி அதைத் தாங்கும், பட்டு தாங்காது. ஆண்கள் தோளில் துண்டு போட்டுச் சென்றது அழகுக்காக அன்று. பாடையைத் தூக்கும்போது அது தோளுக்கு மெத்தை, இடுப்பில் இறுக்கினால் கச்சை, அழுதவனுக்குக் கைக்குட்டை. சுருங்கச் சொன்னால், வேலை செய்யவும், தரையில் அமரவும், ஒருவரைத் தாங்கிப் பிடிக்கவும் ஏற்ற உடையே இழவு வீட்டு உடை. நம்மைப் பார் என்று அது சொல்லக் கூடாது. அவ்வீட்டில் பார்க்கப்பட வேண்டியவர் நடுவில் படுத்திருக்கிறார்.

இவ்வளவும் எனக்கு நெடுநாளாகத் தெரியும். தெரிந்த நான் ஒரு காலை வேளையில் எப்படி நடந்துகொண்டேன் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் பனியன் கம்பெனிகளில் தைத்தவர். ஒரு நாள் விடியும் முன் மாரடைப்பில் போய்விட்டார். வெயில் ஏறும் முன் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. தெருவுக்கு மூத்தவன் என்ற முறையில் பந்தலின் வாசலில் நின்று வருவோரை வரவேற்றுக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நான் உடுத்தியிருந்ததில் எவரும் குறை காண முடியாது.

அப்போது ஓர் இளைஞன் மிதிவண்டியில் வந்து இறங்கினான். மஞ்சள் நிறத்தில் ஒரு டீ-சர்ட். காதர்பேட்டையில் குவித்து விற்கும் ஏற்றுமதி மிச்சம் என்பது பார்த்த அளவிலேயே தெரிந்தது. மார்பில் பலூன்கள் பறந்தன. அவற்றின் கீழே ஆங்கிலத்தில் கொண்டாட்டத்துக்கு வா என்னும் பொருளில் பெரிய எழுத்துகள். அவனுக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. கையை நீட்டி மறித்தேன்.

“என்னப்பா இது? சாவு வீட்டுக்கு வர்ற உடையா இது?”

அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான்.

“நைட் ஷிப்டுங்க சார். சேதி கேட்டு நேரா வந்துட்டனுங்க.”

மேலே அவன் விளக்கம் சொல்லவில்லை. பந்தலுக்கு வெளியே இரண்டடி நகர்ந்து, சட்டையைக் கழற்றினான். உட்புறம் வெளியே வருமாறு திருப்பினான். மறுபடியும் போட்டுக்கொண்டு, கைகூப்பியபடி என்னைக் கடந்து உள்ளே போனான். பலூன்கள் உள்ளே மறைந்தன. வெளியே தெரிந்தவை தையல்கள் மட்டுமே. தோளிலும் பக்கவாட்டிலும் ஓடிய ஓவர்லாக் தையல். உள்ளே படுத்திருந்தவர் வாழ்நாளெல்லாம் ஓட்டிய தையல் அதுதான். இறந்தவர்க்கு அவன் கம்பெனியில் தொழில் கற்ற பிள்ளை என்பதும், அவர்தாம் அவனுக்கு மெஷின் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்பதும், பின்னர் தெரிந்தது. பாடை எழுந்தபோது முன்பக்கம் தோள்கொடுத்தவர்களுள் அவனும் ஒருவன். எனக்குத் துண்டு இருந்தது. அவன் வெறுந்தோளில் சுமந்தான்.

அன்பர்களே, நம் ஊரில் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர்கள் ஏராளம். இரண்டு மணி நேரம் ‘பர்மிசன்’ பெற்று வருகிறவனுக்கு அறைக்குப் போய் வெள்ளை மாற்றிவர நேரமில்லை. சிலரிடம் வெள்ளையே இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அறைக்கு ஐவர், அறுவர் என்று தங்கியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இங்கே இறந்தால், கோடி கொண்டுவரப் பிறந்த வீடு அருகில் இல்லை. உடன் தங்கியவர்தாம் கைக்காசு சேர்த்து ஒரு புதுத்துணி வாங்கிப் போர்த்த வேண்டும். அந்த அறைக்கு நாம் துக்கம் கேட்கச் சென்றால், அங்கே நிற்பவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று நம் கண் போகுமானால், தவறு நம் கண்ணில்தான் இருக்கிறது.

வெள்ளைதான் துக்கத்தின் நிறம் என்பதும் எங்கும் செல்லும் விதியன்று. ஈழத்தில் சாவு வீட்டுத் தெருவில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். வருவோரும் வெள்ளை உடுத்துவார்கள். இசுலாமியர் ஆணுக்கு மூன்று துணியும் பெண்ணுக்கு ஐந்து துணியுமாக, பெரும்பாலும் வெள்ளையில், தைக்காமல் போர்த்தி அடக்கம் செய்கிறார்கள். செல்வரானாலும் ஏழையானாலும் அதே துணிதான். ஐரோப்பாவில் கறுப்பு. ஜப்பானியர் முன்பு வெள்ளை உடுத்தி, மேற்கத்தியர் தொடர்புக்குப் பின் கறுப்புக்கு மாறினார்கள். நம் ஊரிலேயே வெள்ளைக்கு எத்தனை பொருள்! பனியன் வெள்ளை பிழைப்பின் நிறம். கதர் வெள்ளையோ எதிர்ப்பின் நிறம். கொடியேந்திச் சென்று தடியடிபட்டு, 1932 ஜனவரி 11 அன்று உயிர்நீத்த குமரனின் ஊர் இது; அன்று கதர் உடுத்துவதே அயலாட்சிக்குச் சொல்லும் மறுமொழியாக இருந்தது. நிறத்துக்குப் பொருளைக் கொடுப்பவர் மனிதரே. கொடுத்தவர்க்கு மாற்றவும் உரிமை உண்டு.

இதுவரை சொன்னது சில மணி நேரம் உடுத்திக் களையும் உடையைப் பற்றி. களைய முடியாத இழவு உடை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இம்மேடைக்கு வந்தேன்.

இங்கிலாந்து அரசி விக்டோரியா 1861-இல் கணவரை இழந்தார். 1901-இல் தாம் இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கறுப்பே உடுத்தினார். அரசியைப் பார்த்து நாடே துக்க உடையில் முறை வகுத்துக்கொண்டது. கோர்ட்டால்ட்ஸ் என்ற நெசவு நிறுவனம், துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புக் க்ரேப் துணியை நெய்தே பெருஞ்செல்வம் ஈட்டியது. துணி ஊரினராகிய நமக்கு இது வியப்பாக இராது. எங்கே உடை உண்டோ அங்கே ஆர்டர் உண்டு. ஆனால் விக்டோரியா கறுப்பைத் தாமே விரும்பி உடுத்தினார். வேறு நிறம் உடுத்தியிருந்தால் அவரைத் தடுக்க யாரால் முடியும்? நம் வீடுகளில் நடந்தது அதுவன்று.

என் தந்தையார் இறந்தபோது என் தாய்க்கு வயது முப்பத்தெட்டு. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாமன்மார் மூவரும் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தார்கள். மூன்றும் வெள்ளை. அவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்கைக்காக வாய்விட்டு அழுதவர்கள். வழக்கம் என்ன சொன்னதோ அதைக் கடையில் கேட்டு வாங்கி வந்தார்கள்.

என் தாயிடம் நெகமத்துப் பருத்திச் சேலை ஒன்று இருந்தது. இலைப்பச்சை நிறம், கடுகு மஞ்சளில் கரை. பருத்தி விற்ற ஆண்டில் தந்தையார் எடுத்துக்கொடுத்தது. தந்தையார் மறைந்த சில மாதங்களுக்குப் பின் பக்கத்து ஊரில் ஓர் உறவினர் இறந்துபோனார். அம்மா வீட்டைவிட்டு வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“கண்ணு, இந்தப் பச்சையைக் கட்டிக்கிட்டா யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா?”

நான் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். பெண் விடுதலையைப் பற்றிக் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தேன். நான் சொன்ன விடை ஒரே சொல்.

“வேண்டாம்மா.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சேலையை மடித்து அடியில் வைத்தார், வெள்ளையை உடுத்தார். அதற்குப் பின் முப்பத்தோர் ஆண்டுகள் வாழ்ந்தார். திருமண வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் நின்றார். என் தங்கையின் தாலி கட்டும் நேரத்திலும் அங்கேயே நின்றார். இழவு வீடுகளில் மட்டும் அவரை எவரும் விலக்கவில்லை. அங்கே அவர் உடை எப்போதும் பொருத்தமாக இருந்தது. இதன் பொருள் எனக்கு மிகத் தாமதமாகத்தான் விளங்கியது. மற்றவர்கள் என் தந்தையின் சாவுக்கு ஒரு நாள் உடுத்திக் களைந்தார்கள். என் தாயை முப்பத்தோர் ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் அதே சாவுக்கு உடுத்த வைத்திருந்தோம்.

அவர் இறந்த அன்று உறவினர் கோடி போட்டார்கள். அப்போதும் வெள்ளை. எல்லாம் முடிந்து எடுக்கப்போகும் வேளையில் என் தங்கை உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து பச்சைச் சேலையைக் கொண்டுவந்தாள். மடிப்புகளில் நூல் இற்றுப்போயிருந்தது. விரித்தபோது இரண்டிடங்களில் கிழிந்தது. கட்டிய துணியைப் போடலாமா, அதுவும் நிறத்தை, என்று பெரியவர் ஒருவர் முணுமுணுத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தங்கையும் பார்த்தாள்.

“அண்ணா, இப்பவாச்சும்” என்றாள்.

நான் தலையசைத்தேன். கோடிகளுக்கு மேலே அந்தப் பழைய சேலையைப் போர்த்தினோம். தங்கை செய்தது சரி. ஆனால் நான் தலையசைத்ததில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. அவர் உடுத்த முடிந்த காலத்தில் கேட்டதை, உடுத்த முடியாத நாளில் கொடுத்தேன்.

வடநாட்டு எழுத்தாளர் பிரேம்சந்த், 1930-களில், ‘கஃபன்’ என்னும் சிறுகதையை எழுதினார். கஃபன் என்றால் பிணத்துக்குப் போர்த்தும் துணி. பிள்ளைப்பேற்றில் இறந்த ஏழைப் பெண்ணுக்குத் துணி வாங்க ஊராரிடம் பெற்ற பணத்தை, கணவனும் மாமனாரும் குடித்துத் தீர்க்கிறார்கள். முதன்முறை படித்தபோது அவ்விருவர்மீதும் அருவருப்புத்தான் தோன்றியது. என் தாய்க்குப் பின் மீண்டும் படித்தேன். அவள் துடித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பாராத ஊர், இறந்த பிறகு துணிக்குக் காசு தருகிறதே என்பதும் கதையில் இருப்பது கண்ணில் பட்டது. உயிர் போன பின் போர்த்துவதில் நாம் எல்லாருமே தாராளமானவர்கள்.

காலம் மாறிவிட்டது, இப்போது யாரும் வெள்ளை கட்டச் சொல்வதில்லை என்று சிலர் கூறக்கூடும். மாற்றம் உண்மைதான். நம் கம்பெனிகளில் கணவனை இழந்த பெண்கள் வண்ணச் சேலையிலும் சுடிதாரிலும் வேலைக்கு வருகிறார்கள். சொந்தச் சம்பளம் அந்தத் துணிவைக் கொடுத்திருக்கிறது. மகாராட்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் ஊராட்சி, 2022-இல், கணவன் இறந்ததும் மனைவியின் வளையை உடைப்பது, பொட்டை அழிப்பது போன்ற சடங்குகளைக் கைவிடத் தீர்மானம் இயற்றியது. ஆனால் நமக்கு அருகில், ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்தில், கணவனை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்த செய்தி உயர் நீதிமன்றம்வரை சென்றது. அவ்வாறு தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சேலையின் நிறம் மாறியும் வாசலில் நீட்டிய கை இன்னும் மடங்கவில்லை.

அன்பர்களே, தலைப்பாகிய கேள்விக்கு என் விடையைச் சொல்லி முடிக்கிறேன். நேரமிருந்தால், துவைத்த எளிய பருத்தி உடுத்திச் செல்லுங்கள்; ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரமில்லையேல் உடுத்தியதோடு செல்லுங்கள். வேண்டுமானால் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். உடைக்காகத் தயங்கிப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வாசலில் நிற்கும் பொறுப்பு உங்களுக்கு வாய்த்தால், என்னைப்போல் கையை நீட்டாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு பெண் கணவனை இழந்தால், எதை உடுத்துவது என்பதை அவளே சொல்லட்டும். அவள் வெள்ளையே விரும்பினால் அதுவும் அவள் உரிமை. உங்களைப் பார்த்து அவள் ஒரு கேள்வி கேட்டால், விடை சொல்லும் முன் ஒரு கணம் பொறுங்கள். எனக்கு அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்திருக்கும்.